குதிப்பக்கத் தேய்மானம்

ஏழாம் நம்பர் மட்டையை மட்டும் உருவிக்கொண்டு வந்தால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் பை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் வசமாகச் சிக்கியிருந்தது. அவன் ஒரு காலை அலமாரியில் முட்டுக்கொடுத்து இழுத்தான். முதலில் ஒரு குடை வந்தது, பிறகு இஸ்திரிப் பலகை, கடைசியில்தான் கோல்ஃப் பை. முன்னறையில் அப்பா சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார், பின்னறையில் மகன் சாமான் உருட்டுகிறான், வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குக் கூசியது. மணி பதினொன்று. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

யோசனை அப்பாவின் கூட்டாளிகளுடையது. ஆற்றோரம் நகராட்சி நடத்தும் ஒன்பது குழி மைதானத்தில் வாரத்தில் மூன்று நாள் காலையில் அப்பாவோடு ஆடியவர்கள். அவர் கையோடு ஒரு மட்டை போகட்டுமே என்று அவர்கள் சார்பில் கூட்டத்தில் ஒருவரான தையல்காரர் நேற்று போனில் கேட்டிருந்தார். அம்மா உடனே சரி என்றாள். எந்த மட்டை என்பதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. ஏழாம் நம்பர் அயர்ன்தான் அவருக்குப் பிடித்தது, மற்றதெல்லாம் பையில் சும்மா துணைக்குத்தான் என்றாள். நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

பையைக் கட்டிலில் சாய்த்து உறையைக் கழற்றினான். இரும்புத் தலை வைத்த அயர்ன் மட்டைகள் வரிசையாக இருந்தன, துடைத்துச் சுத்தமாக. அவன் கடையில் எடுத்துக் கொடுத்த அதே செட். கொடுத்து நான்கு வருடமாகிறது. அன்றைக்குப் பிறகு இன்றுதான் மறுபடி கையில் எடுக்கிறான்.

நகரத்தின் பெரிய கோல்ஃப் கடையில் பதினோரு வருடமாக அவனுக்கு இதுதான் வேலை. ஆளைப் பார்த்து, ஆட்டத்தைப் பார்த்து, அதற்குத் தோதான அயர்ன் செட்டைத் தேர்ந்து கொடுப்பது. நீளம், தண்டின் விறைப்பு, தலையின் சாய்வு மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும், பந்தை அடிக்கச் சொல்லி வேகம் பார்க்க வேண்டும், தேவையானால் தலையை ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் பளபளப்பைப் பார்த்து வாங்கிப் போனவர்கள் ஆறு மாதத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வதும் அவன் வேலையில் ஒரு பகுதிதான்.

வேலைப் பழக்கம் கையை விடுமா? ஏழாம் நம்பரை உருவியதும் அதன் முகத்தைப் பார்க்காமல் அடிப்பாகத்தைத்தான் திருப்பிப் பார்த்தான். தரையில் உரசி உரசி முலாம் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பார்த்தால் போதும், ஆடுகிறவரின் ஜாதகமே தெரிந்துவிடும். நடுவில் தேய்ந்திருந்தால் மட்டை ஆளுக்குப் பொருந்தியிருக்கிறது. நுனியில் தேய்ந்திருந்தால் சாய்வு படுத்துக் கிடக்கிறது. குதிப்பக்கம், அதாவது தண்டு இறங்கும் பக்கம் தேய்ந்திருந்தால் மட்டை ஆளுக்கு மீறி நிமிர்ந்து நிற்கிறது, பந்து ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் ஓடும்.

அப்பாவின் ஏழாம் நம்பர் குதிப்பக்கத்தில் சாம்பல் பூத்துத் தேய்ந்திருந்தது. நுனி வாங்கிய அன்று போல மின்னியது.

எட்டாம் நம்பரை எடுத்தான். அதே இடம். ஆறு, ஒன்பது, ஐந்து. எல்லாவற்றிலும் அதே இடம். கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். யாரோ முன்னறையில் நாற்காலியை நகர்த்தினார்கள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அவன் அயர்ன்களை அவசரமாகப் பைக்குள் திரும்பச் செருகினான்.

செட் எப்படி வந்தது என்று அவனுக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அப்பா முப்பத்தோரு வருடம் பெரிய கிளப்பில் புல்வெட்டும் வண்டி ஓட்டியவர். மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் வேலைக்காரர்களை ஆட விடுவார்கள். உறுப்பினர்கள் கழித்துப் போட்ட பழைய மட்டைகளை வைத்துத்தான் அவர் ஆட்டம் கற்றது. ஓய்வு பெற்ற மறுவாரம் கடைக்கு வந்தார். சொல்லாமல் வந்தார். வேலைக்குப் போட்ட அதே தடித்த ஷூ, மடித்துவிட்ட பேன்ட், கையில் குடை. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பெரிய வாடிக்கை, பெரிய கிளப்பின் கமிட்டி ஆள். அப்பாவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நீங்கள் நம் கிளப்பில் புல் வெட்டுகிறவர்தானே என்று பிரியமாகவே கேட்டார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, ஆமாம் சார், ஏழாவது குழிப் பக்கம் என் பொறுப்புதான் என்றார்.

இவர் என் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வார்த்தை. அவன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, யாரோ ஒரு கடைக்காரரிடம் கேட்பதைப் போலவே கேட்டார்.

"சார், எனக்கு ஒரு அயர்ன் செட் பார்த்துக் குடுப்பீங்களா?"

காது மடல்கள் சுட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது தோன்றியது. அளக்கும் அறைக்கு அழைத்துப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்பக்கத்தில் ஒரு கட்டிட முதலாளிக்காகச் செய்து, அவர் வேண்டாமென்று விட்டுப்போன செட் ஒன்று கிடந்தது. முதலாளி ஆறடிக்கு மேல், கை ஓங்கினால் காற்று கிழியும். அப்பா அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். ஒரு அங்குலம் கூடுதல் நீளம், மூன்று டிகிரி கூடுதல் நிமிர்வு, விறைத்த தண்டு. அதைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தான். அளக்க வேண்டாமா என்று அப்பா தயங்கிக் கேட்டார். எனக்குப் பார்த்தாலே தெரியும், உங்களுக்கு இதுதான் சரி என்றான். அடுத்த வாரம் வரச்சொல்லி எல்லாவற்றையும் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்று அப்போது உண்மையிலேயே நினைத்தான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் சில சமயம் கேட்பான், அயர்ன் எப்படிப்பா என்று. அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு என்பார். ஒரு நாள் வாடா, சேர்ந்து ஆடலாம் என்பார். வர்றேன்பா என்பான். ஆற்றோர மைதானம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஒரே ஒரு காலை போயிருந்தால், அவர் ஒரே ஒரு பந்து அடித்திருந்தால், அவனுக்குத் தெரிந்திருக்கும். ஊரில் உள்ளவன் ஆட்டத்தையெல்லாம் பார்த்துத் திருத்துகிற கண்.

பன்னிரண்டரைக்குத் தையல்காரர் வந்தார். அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பின்னறைக்கு எட்டிப் பார்த்தார். மெலிந்த மனிதர், அறுபத்தெட்டு வயதிலும் சட்டை உடம்பில் அளந்து ஒட்டியதைப் போல நிற்கும். அவரையும் அவனுக்குத் தெரியும். அப்பா அந்தச் செட்டை வாங்கிப்போன இரண்டாம் மாதம், தையல்காரரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தார்.

தையல்காரர் கட்டில் முனையில் உட்கார்ந்து பையைத் தடவிக் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பெயரே லெஃப்ட்டு என்று சொல்லிச் சிரித்தார், உடனே சிரித்ததற்கு வருத்தப்பட்டவராக முகத்தைத் துடைத்துக்கொண்டார். எந்த அயர்னை எடுத்தாலும் பந்து இடது பக்கத்து மரக்கூட்டத்துக்குள்தான் போகுமாம். அப்பா வலது பக்கம் வேலியைப் பார்த்துக் குறி வைப்பாராம். அப்படியும் அது வளைந்து இடதுக்கே வருமாம். மரத்துக்குள் பந்து தேடப் போன நேரத்தைக் கூட்டினால் ஒரு மாசம் தேறும் என்றார்.

"ஒரு தடவை நான் வாய விட்டுட்டேன் தம்பி. அண்ணன் பேன்ட்டைத் தம்பி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கே, பையன் கடையில ஒருதடவை காட்டிப் பாருங்களேன்னு. மனுஷனுக்கு முகம் சிவந்துடுச்சு. செட்டுல ஒரு குத்தமும் இல்ல, என் கைதான் சரியில்ல, இது என் பையன் அளந்து குடுத்ததுன்னுட்டார். அப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கலை."

தையல்காரர் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார். தன்னைக் கடையில் அளந்த நாளைப் பற்றிச் சொன்னார். ஆயுசு முழுக்க மற்றவர்களை அளந்தவன் நான், என்னை ஒருத்தர் அவ்வளவு பதமாக அளந்தது அன்றைக்குத்தான் என்றார்.

அந்த நாள் அவனுக்கும் நன்றாக நினைவிருந்தது. கடையில் ஆளே இல்லாத ஒரு மத்தியானம். டாக்டர் இல்லை, கடை முதலாளி இல்லை. அப்பாவைக் கண்டதும் அவனுக்கு ஏனோ உற்சாகம் வந்தது. முந்தைய தடவைக்கு ஈடுகட்டுவதைப் போல, தையல்காரரை உள்ளே அழைத்துப்போய் ஒன்றேகால் மணி நேரம் வேலை பார்த்தான். மணிக்கட்டு, விரல் நீளம், வீச்சு வேகம். அயர்னின் அடியில் நாடா ஒட்டி, கறுப்பு நிறப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னான். தண்டை நான்கு தடவை மாற்றினான். அப்பா ஓரமாக ஒரு முக்காலியில், நண்பரின் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பலகை எதுக்கு என்று.

அவன் விளக்கினான். விளக்குவதில் அவன் கெட்டிக்காரன். பலகையில் உரசும்போது நாடாவில் கோடு விழும் அப்பா, நடுவில் விழுந்தால் சரி, குதிப்பக்கம் விழுந்தால் மட்டை உங்களை மீறி நிமிர்ந்திருக்கிறது, பந்து இடது பக்கம் போய்க்கொண்டே இருக்கும், எவ்வளவு நன்றாக அடித்தாலும் போகும், அது கையின் தப்பு இல்லை, மட்டையின் தப்பு, அளக்காமல் கொடுத்தவனின் தப்பு. இவ்வளவையும் சொல்லும்போது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்பா தலையை ஆட்டி, ஓ, அப்படியா என்றார். பிறகு அந்த நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் திரும்பும்போது பஸ்ஸுல கேட்டேன்," என்றார் தையல்காரர். "எனக்கே இவ்வளவு பண்றாரே, பெத்த அப்பாவுக்கு எவ்வளவு பண்ணியிருப்பார்னு. ஜன்னல் பக்கமா பார்த்துக்கிட்டே சொன்னார், எனக்கு ரெண்டு மணி நேரம் அளந்தான்னு."

பின்னறையின் ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருடம் பத்து மாதம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வேலியைப் பார்த்துக் குறி வைத்திருக்கிறார், தெரிந்துகொண்டே மரத்துக்குள் பந்து தேடியிருக்கிறார், கைதான் சரியில்லை என்று நான்கு பேர் மத்தியில் தன் கையைத் திட்டியிருக்கிறார். கடைக்கு ஒரு நடை வந்து, டேய், இதைக் கொஞ்சம் வளைச்சுக் குடு என்றால் பத்து நிமிட வேலை. அப்படிக் கேட்டால் மகனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிடும் என்று கேட்காமல் இருந்திருக்கிறார். இவ்வளவு வெட்கத்தை அவன் வாழ்நாளில் பட்டதில்லை. அன்று டாக்டர் முன்னால் பட்டதெல்லாம் இதற்குக் கால்தூசி.

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூட்டாளிகள் அவரிடம் விட்டிருக்கிறார்கள்.

"அந்த ரெண்டு மணி நேரத்தைச் சொல்லலாம்னு இருக்கேன் தம்பி. அப்பாவுக்கு அதுல அவ்வளவு பெருமை. ரெண்டு மணி நேரம்தானே? நான் பாட்டுக்குத் தப்பா சொல்லிடக் கூடாது."

அவர் முகத்தில் கபடமே இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கதவு சாத்தியிருக்கிறது, எதிரே ஒரே ஒரு மனிதர், அதுவும் அளவு தெரிந்த மனிதர். அவன் வாயைத் திறந்தான்.

"இருக்கும் மாமா," என்றான்.

தையல்காரர் தாளில் எதையோ திருத்திக்கொண்டு வெளியே போனார்.

கடைச் சாவி பேன்ட் பையில்தான் இருந்தது. காரை எடுத்தால் போக இருபது நிமிடம், வளைக்கப் பத்து, வர இருபது. ஏழாம் நம்பரையாவது சரிபண்ணிக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று எழுந்தேவிட்டான். கதவருகே போனதும், இனி அதை எடுத்து ஆடப்போவது யார் என்று தோன்றியது. வளைப்பது அப்பாவுக்காகவா, தன் மனசு ஆறுவதற்காகவா? அதுவும் தவிர, வளைக்க வேண்டுமென்றால் அளவு வேண்டும். அப்பாவின் மணிக்கட்டிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்று அவனிடம் எந்தச் சீட்டிலும் இல்லை. ஏழாம் நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

இரண்டரை மணிக்கு அறை நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள், புல்வெட்டும் வண்டி ஓட்டிய பழைய ஆட்கள், ஆற்றோரக் கூட்டாளிகள், அவன் கடையிலிருந்துகூட இரண்டு பேர். அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் தாளைப் பிரித்தார், பிறகு அதைப் பார்க்காமலே பேசினார். மழை பெய்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்றார். தோற்றால் யார் மேலும் கோபப்படாதவர் என்றார். மரக்கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் அழுகைக்கு நடுவிலும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த இரண்டு மணி நேரத்துக்கு வந்தார்.

பெரிய கடையில் பெரிய மனிதர்களுக்கு அளக்கிற பிள்ளை, தன் தகப்பனை நிற்க வைத்து இரண்டு மணி நேரம் கை, கால் என்று ஒவ்வொன்றாக அளந்து, இந்தச் செட்டைச் செய்து கொடுத்தது என்றார். கடைசி வரைக்கும் அதைத் தவிர வேறு மட்டையை அவர் தொடவில்லை என்றார். பிள்ளை அளந்து கொடுத்ததைப் பிடித்து ஆடிய தகப்பன் எங்கள் மைதானத்தில் இவர் ஒருவர்தான் என்று முடித்தார்.

அறையில் இருந்த அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அத்தனையிலும் அன்பு. புல்வெட்டும் வண்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடையிலிருந்து வந்த பையன்களில் மூத்தவன் மட்டும் தரையைப் பார்த்தான். கட்டிட முதலாளியின் செட் எப்படிக் காணாமல் போனது என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். யாராவது ஏதாவது பேச வேண்டிய இடம் அது. அவன்தான் பேசினான்.

"நான் அப்பாவுக்கு ஒண்ணும் ஒழுங்கா செய்யலை."

குரல் உடைந்தது. உடனே நான்கைந்து கைகள் அவன் தோளிலும் முதுகிலும் விழுந்தன. எல்லாருக்கும் இந்த நாளில் அப்படித்தான் தோன்றும் என்று ஒரு பெண்மணி சொன்னாள். எப்பேர்ப்பட்ட பிள்ளை, இருந்தும் எவ்வளவு அடக்கம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. அவனுக்கு அழுகை நின்றேவிட்டது. இப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் அந்த வார்த்தைகளைப் பொறுக்கினான். அளக்கவில்லை என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். அதனால்தான் அதைச் சொல்லவில்லை.

வண்டி வந்துவிட்டதென்று வாசலிலிருந்து சொன்னார்கள். மூடியைப் பிடிக்க இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் குனிந்து ஏழாம் நம்பரை அப்பாவின் உடம்போடு ஒட்டி வைத்தான். தலைப்பகுதி காலருகே, பிடி கையருகே. வைப்பதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று, பிடியின் மேல் விளிம்பு உள்ளங்கைக்கு அடியில் வரும்படி பார்த்து வைத்தான். எல்லாருக்கும் அவன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் இடம் அது.

அம்மா எழுந்து வந்தாள். அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அங்க இல்லடா. நீ அவர் ஆடிப் பாத்ததில்லையே, உனக்கெப்படித் தெரியும்?"

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைக்கிற மாதிரி, தண்டைப் பிடித்து மட்டையை மேல்பக்கமாகத் தள்ளினாள்.

"நீளம் ஜாஸ்தின்னு இறக்கித்தான் பிடிப்பார். உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டார்."

இன்னும் கொஞ்சம் தள்ளி, அப்பாவின் உள்ளங்கையை அதன் மேல் எடுத்து வைத்தாள். கை போய்ப் படிந்த இடத்தில் ரப்பர் தேய்ந்து வழவழவென்று குழிந்திருந்தது. கைக்கு மேலே இரண்டு அங்குலம் ரப்பர், வரிக்கோடுகள் கலையாமல், கடையிலிருந்து வந்தது போலவே, கன்னங்கரேலென்று நீட்டிக்கொண்டிருந்தது.